பாத்திமியர் காலப் படிகக் குடுவையை இனங்காணும் முறை

எகிப்தைப் பாத்திமிய கலீபாக்கள் ஆண்ட 10, 11ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்ட படிகக் குடுவை ஒன்றை அருங்காட்சியகத்தில் காணும்போது, அது கண்ணாடியா, இயற்கையில் கிடைக்கும் ஒளிபுகும் கல்லான படிகமா என்பதையே முதலில் ஆராய வேண்டும். உருண்டையான காற்றுக் குமிழிகள் தென்பட்டால் அது பெரும்பாலும் கண்ணாடிதான். படிகத்தில் மெல்லிய திரை போன்ற இயற்கையான மங்கல்களும் நுண்பிளவுகளும் இருக்கும்.

அடுத்து, கைப்பிடி உடலோடு சேரும் இடத்தை உற்றுநோக்குங்கள். சிறந்த குடுவைகளில் இரண்டும் ஒரே கல்லால் ஆனவை என்பதால், அங்கே ஒட்டுத் தெரியாது. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் 7ஆம் நிலையில் உள்ள இக்கல்லைக் கைவினைஞர்கள் குறுகிய கழுத்தின் வழியே துளையிட்டு, கடினமான தேய்ப்புப் பொடியால் உட்புறத்தைச் சிறிது சிறிதாக அராவி, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள சுவராக்கினார்கள்; அந்தப் பொறுமைக்கு ஈடாக வேறொரு கைவினையை என்னால் சொல்ல முடியவில்லை.

தோள்பகுதியில் கூஃபிக் எனும் பழைய கோணவடிவ அரபு எழுத்துகள் உள்ளனவா என்றும் தேடுங்கள். வெனிஸ் நகரின் புனித மாற்கு பேராலயக் கருவூலத்திலுள்ள குடுவையின் காலம், அதில் பொறிக்கப்பட்டுள்ள கலீபா அல்-அஸீஸின் (ஆட்சி 975–996) பெயராலேயே உறுதியானது. பொன், வெள்ளிப் பூண்களை மட்டும் வைத்துக் காலத்தைக் கணிக்காதீர்கள். அவற்றுள் பல பிற்காலத்தில் ஐரோப்பாவில் சேர்க்கப்பட்டவை.