பழைய வீட்டுப் புரொஜெக்டரைப் பார்த்தறிந்து பழுது நீக்கும் முறை

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் சிலவற்றில், பெட்டகத்துக்கும் சுவருக்கும் இடையிலோ அறையின் மேல்தட்டிலோ, தோல் போன்ற கறுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி ஒன்று இன்னும் கிடப்பதுண்டு. மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களும், பிற்காலத்தில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் வந்தவர்களும் கொண்டுவந்த, படச்சுருளை ஓட்டித் திரையில் படம் காட்டும் வீட்டுப் புரொஜெக்டர்கள் அவை. 1990களில் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாதிருந்ததாலும், 1995 ஐப்பசி இடப்பெயர்வில் வீடுகளைப் பூட்டிவிட்டு ஓட நேர்ந்ததாலும் இவற்றிற் பல நீண்ட காலம் ஓடாமலே கிடந்தன. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை, நான்கு கருவிகளைத் திருத்திய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலாவது விதி: ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். பல்லாண்டு கிடந்த எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். றப்பர் சில்லுகள் தட்டையாகியோ உருகியோ இருக்கும். கப்பாசிட்டர் உள்ளே வெடித்துப் புகை கக்கக் காத்திருக்கும். முதல் நாள் கண்ணுக்கும் கைக்கும் மட்டும் உரியது.

கருவியை வெளிச்சமான விறாந்தையில், தடித்த துணி விரித்த மேசையில் வையுங்கள். தூக்கும்போதே அதன் கனம் தெரியும். 1930களிலிருந்து 1950கள் வரை செய்யப்பட்ட நல்ல புரொஜெக்டர்களின் உடல் பெரும்பாலும் அச்சில் வார்த்த அலுமினியம். விரல் கணுவால் மெல்லத் தட்டினால் இறுகிய, ஒரே சீரான ஒலி வரும். சலசலப்புக் கேட்டால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது. அந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. படச்சுருளின் துளைக்குள் ஒரு சிறு உலோக நகம் நுழைந்து, ஒரு படத்தை இழுத்து நிறுத்தி, மீண்டு வந்து அடுத்ததை இழுக்கிறது; பழைய 8 மில்லிமீற்றர்ப் படத்துக்கு இது ஒரு விநாடியில் 16 தடவை நடக்கிறது. ஏறத்தாழ 4.5 மில்லிமீற்றர் அகலமான படம் ஒரு மீற்றர் அகலத்துக்குத் திரையில் விரியும்போது இருநூறு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. உடல் மயிரிழை அதிர்ந்தாலும் திரையில் உள்ள முகம் துள்ளும். அதனாலேயே அதைச் செய்தவர்கள் எடையில் மிச்சம் பிடிக்கவில்லை.

அடுத்து மேற்பூச்சைக் கவனியுங்கள். இருவகைப் பூச்சுகளை அடிக்கடி காணலாம். ஒன்று, கன்னார் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்த செப்புக் குடம் போலச் சிறு பள்ளங்களாக மினுங்குவது. மற்றது, காய்ச்சிய பாலின் ஆடை சுருங்கினாற்போல நுண்மடிப்புகளோடு கறுத்திருப்பது. இரண்டும் வார்ப்பின் சிறு கரடுகளை மறைப்பதற்கும், கைபட்டுத் தேயாமல் இருப்பதற்கும் பூசப்பட்டவை. அந்தத் தேவையே அழகாகவும் வந்து வாய்த்தது. வெயில் சாய்வாக விழும் மாலை நேரத்தில் அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளி வாங்குவதை ஒருமுறை பார்த்தவர் அதன்மேல் வேறு நிறம் பூச மனங்கொள்ளார். விளக்கறையின் மேல் வரிவரியாகக் கிடக்கும் வெட்டுகளும் அப்படியே: அலங்காரமாகத் தோன்றினாலும், மின்குமிழின் வெப்பத்தை வெளியேற்றும் வழிகள் அவை.

எந்தக் கருவி என்பதை உடலிலுள்ள தகடு சொல்லும். சுவிற்சர்லாந்தின் சென்ற் குறுவா என்னும் மலையூரில், முன்னர் இசைப்பெட்டிகள் செய்த பையார் நிறுவனம் செய்ததே போலெக்ஸ்; அதன் பற்சக்கரங்களில் அந்த இசைப்பெட்டிக் கைகளின் நுணுக்கம் தெரிகிறது என்பது என் எண்ணம். வியன்னாவில் 1919இல் தொடங்கிய ஓய்மிக் நிறுவனத்தின் பி8 இன்னொரு வகை அறிவு: 12 வோல்ற், 100 வாற் சிறு மின்குமிழை வைத்து, உடலை ஒரு கையால் தூக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கினார்கள். அமெரிக்காவின் கொடாக், பெல் அன்ட் ஹொவல், றெவியர் கருவிகள் பருத்து, வளைவுகள் நிறைந்து, அக்காலக் கார்களை நினைவூட்டும். தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 1950களின் சுவிஸ், ஒஸ்திரியக் கருவிகளையே எடுப்பேன்; திருகாணி ஒவ்வொன்றும் கழற்றி மாட்டுவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும். 1970களில் பிளாஸ்ரிக் உடலும் பிளாஸ்ரிக் பற்சக்கரமும் பரவின. அக்காலக் கருவிகள் சிலவற்றில் அந்தப் பல்லுகள் வெடித்து உதிர்ந்திருக்கும் என்பதால், வாங்குமுன் உள்ளே பார்ப்பது அவசியம்.

எந்த அளவுச் சுருளுக்கு உரியது என்பதையும் இப்போதே உறுதி செய்யுங்கள். 1922இல் பத்தே நிறுவனம் 9.5 மில்லிமீற்றரையும், 1923இல் கொடாக் 16 மில்லிமீற்றரையும், 1932இல் 8 மில்லிமீற்றரையும், 1965இல் சூப்பர் 8ஐயும் வெளியிட்டன. பிந்திய இரண்டுக்கும் அகலம் ஒன்றே என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். பழைய 8இன் துளை பெரியது, படத்துக்கும் படத்துக்கும் இடையில் இருக்கும். சூப்பர் 8இன் துளை சிறியது, படத்தின் நடுப்பக்கத்தில் இருக்கும். சூப்பர் 8 வட்டின் நடுத்துவாரமும் அரை அங்குலம் அளவுக்குப் பெரியது. மாறிப் போட்டால் நகம் சுருளைக் கிழித்துவிடும்.

இனிக் கையால் சுற்றிப் பார்த்தல். பெரும்பாலான கருவிகளின் பக்கத்தில் மோட்டரைக் கையால் திருப்ப ஒரு குமிழ் உண்டு. அதை மிக மெதுவாகத் திருப்புங்கள். சுருள் கடக்கும் வாயிலின் சிறு துவாரத்தில் நகம் எட்டிப் பார்த்து, கீழிறங்கி, மறைய வேண்டும்; அந்த நேரத்தில் மூன்று இதழ் மூடி வெளிச்சத்தை மறைக்க வேண்டும். ஒரே படத்தை அந்த மூன்று இதழும் மும்முறை மறைத்து விடுவதால், விநாடிக்கு 16 படம் கண்ணுக்கு 48 மினுக்கமாகி, நடுக்கம் தெரியாமற் போகிறது. சுற்றும்போது கை உணரும் தடை சீராக இருந்தால் எண்ணெய்தான் இறுகியிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் இடறினால் பல்லோ அச்சோ பழுதாகியிருக்கிறது. இடறும் இடத்தில் ஒருபோதும் பலங்கொண்டு திருப்பாதீர்கள்.

வெளிப்புறச் சுத்தத்தில்தான் பலர் அழிவு செய்கிறார்கள். நான் திருத்திய முதற் கருவி பெரியப்பாவுடையது. அதன் பூச்சு இரண்டு இடங்களில் உரிந்திருந்ததால் வாகனத்துக்குப் பூச்சடிக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் மணற்கடதாசியால் முழுவதையும் தேய்த்துவிட்டு, கண்ணாடி போன்ற சாம்பல் நிறம் அடித்துத் தந்தார்கள். வேலை ஒழுங்குதான், ஆனால் பெரியப்பாவின் பெருவிரல் பட்டுப் பட்டு ஆளியின் அருகே மழுங்கியிருந்த அந்த ஓர் அங்குல இடமும் போய்விட்டது. இன்றைக்கும் அது எனக்குத் துக்கம். எனவே சொல்கிறேன்: உரிந்த இடம் உரிந்தபடி இருக்கட்டும்.

முதலில் மென்மையான தூரிகையால் தூசைத் தட்டுங்கள். பின் இளஞ்சூட்டு நீரில் ஒரு துளி மென்சவர்க்காரம் கலந்து, பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து இறுகப் பிழிந்து, ஒரு உள்ளங்கை அளவு இடமாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். மடிப்புப் பூச்சுக்குள் உள்ள அழுக்குக்கு மென்மையான பற்தூரிகை போதும். தின்னர், பெற்றோல், பாத்திரம் துலக்கும் தூள் எதுவும் வேண்டாம். பூச்சில்லாத அலுமினியத்தில் வெண்பொடி பூத்திருந்தால், நம் கடற்காற்றின் உப்பே பெரும்பாலும் காரணம். மூங்கிற் குச்சியால் மெல்லச் சுரண்டித் துடைக்கலாம். குறோமியத்தில் விழுந்த குழிகளை மாற்ற முடியாது. பேக்கலைற்று என்னும் பழைய கடின பிளாஸ்ரிக்கில் செய்த குமிழ்களை உலர்ந்த துணியால் தேய்த்தாலே கரும்பழுப்பு மினுக்கம் திரும்பும். மரப்பெட்டியைத் தனியே எடுத்து, கறையான் புற்று இருக்கிறதா என்று மூலைகளைத் தட்டிப் பாருங்கள்; இருந்தால் அது கருவியோடு ஒரே அறையில் இருக்கக் கூடாது.

வில்லையைக் கழற்றி, அதனூடாகப் பின்னாலிருந்து ஒரு சிறு விளக்கைப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்திருப்பது பூஞ்சணம். வாடைக்காற்று மாதங்களின் ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் அது செழித்து வளரும். வெளிமுகத்தில் இருந்தால், ஐசோப்புறோப்பைல் அல்ககோல் தொட்ட வில்லைத்தாளால் நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாகத் துடைக்கப் போய்விடும். அது கண்ணாடியையே அரித்திருந்தால் தடம் நிற்கும். ஆயினும் படம் சற்று மங்குமே தவிர, கெட்டுப்போகாது.

சுருள் கடக்கும் வாயிலைத் துடைக்க உலோகம் எதையும் பயன்படுத்தாதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல், பிறகு ஓடும் ஒவ்வொரு சுருளிலும் நீளக் கோடாக விழும். காய்ந்த பழைய படப்பசை ஒட்டியிருந்தால், அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஊறவிட்டு எடுங்கள். 0.1 மில்லிமீற்றர்த் தூசு ஒன்று ஒரு மீற்றர்த் திரையில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் தெரியும் என்பதை நினைவில் வைத்தால் இந்த வேலையில் பொறுமை தானாக வரும்.

எண்ணெய்க்குத் தையல் இயந்திர எண்ணெயே போதும். தேங்காய் எண்ணெய் ஒருக்காலும் வேண்டாம். நாளடைவில் அது பிசினாகும், நான் திறந்த இரண்டு கருவிகளை இறுக்கியது அதுதான். முதலில் இறுகிய பழைய எண்ணெயைப் பஞ்சுக் குச்சியால் எடுத்துவிட்டு, கையேட்டிலோ உடலிலோ குறித்த துவாரங்களில் மட்டும் ஒரு துளி விடுங்கள். றப்பர் சில்லுகளிலும் வார்களிலும் எண்ணெய் படவே கூடாது. தளர்ந்த வாருக்குப் பதிலாக, அளவெடுத்து வட்டமான றப்பர் வளையம் போடலாம். சுருள்கம்பி வாராயின் ஓரிரு சுற்றை வெட்டி மீண்டும் கொளுவலாம். ஒரு நல்ல தையல் இயந்திரத் திருத்துநர் இந்தப் பகுதியை நம்மில் பலரைவிட நன்றாகச் செய்வார்.

மின்பகுதியை மின்னியல் தெரிந்தவரிடமே விடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை சில. அமெரிக்கக் கருவி 110 முதல் 120 வோல்ற்றுக்குரியது. நம் 230 வோல்ற்றில் நேரே செருகினால் மின்குமிழ் அந்தக் கணமே போகும், ஆகவே வோல்ற்றைக் குறைக்கும் திறான்ஸ்போமர் தேவை. ஐரோப்பியக் கருவிகளில் வோல்ற் மாற்றும் சிறு தகடு இருக்கும், அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உலோக உடல் முழுவதும் இருந்தும் புவிக்கம்பி இல்லாத கருவிகள் பல. மூன்று கம்பி வயரை மாட்டி உடலைப் புவித்தொடுப்புச் செய்ய வேண்டும். பழைய கப்பாசிட்டர்களைச் சோதிக்காமலே மாற்றிவிடலாம். விளக்கறைக்குள் வெண்ணிறப் பஞ்சு போன்ற சுற்று இருந்தால் அது அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நாராக இருக்கலாம். அதைக் கிளறவோ ஊதவோ வேண்டாம்.

மின்சாரம் கொடுத்ததும் மின்குமிழை ஏற்றாமல் மோட்டரையும் விசிறியையும் மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு, பெறுமதியில்லாத ஒரு பழைய சுருளை ஓட்டிப் பாருங்கள். குடும்பச் சுருள் அதற்குரியது அல்ல. டப்பாவைத் திறக்கும்போது புளிக்காடி வாசம் அடித்தால் அந்தச் சுருளின் அடிப்பொருளான அசற்றேற்றுச் சிதைந்து சுருங்கத் தொடங்கிவிட்டது. சுருங்கிய சுருளை நகம் கிழிக்கும், ஆகவே அதை ஓட்டாமல் இலக்கமுறைப் படியெடுக்கக் கொடுங்கள். கொடாக்கின் வண்ணச் சுருளான கொடாக்குறோம் ஆனால், இருட்டில் இருந்திருந்தால் நிறம் ஆச்சரியமாக நிலைத்திருக்கும். 50 அடிச் சுருள் பழைய 8இல் நான்கு நிமிடம் ஓடும்: ஒரு சாமத்தியவீட்டின் நான்கு நிமிடம், ஒரு தேர்த்திருவிழாவின் நான்கு நிமிடம்.

காட்சிக்கு வைப்பதாயின் கடற்பக்க யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். வெளுத்த பருத்தித் துணியே மூடுவதற்கு நல்லது. சோளகக் காலத்துத் தூசுக்கும் அது தாக்குப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கையால் சில சுற்றுச் சுற்றிவிடுங்கள். படம் காட்டிய இரவில் மின்குமிழை அணைத்தாலும் விசிறியை உடனே நிறுத்தாமல், விளக்கறையின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுகமாக இருக்கும்வரை ஓட விட்டு, சுருளைப் பின்சுற்றி, வாரைக் கழற்றி, வில்லைக்கு மூடி போட்டு வையுங்கள்.