கலர் சார்ட் போடறப்ப இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன மாசம் புதுசா கலரிங் ஆரம்பிச்ச மூணு பேரோட உக்காந்து ஸ்வாட்ச் சார்ட், அதாவது கையில இருக்கற ஒவ்வொரு கலரையும் பேப்பர்ல தடவி பேரோட வச்சுக்கற அட்டவணை, போட்டுட்டு இருந்தோம். அதுல ஒருத்தங்க ஸ்கேல் வச்சு கட்டம் கிழிச்சு, 72 மார்க்கரையும் வரிசையா அடுக்கி வச்சுக்கிட்டு, கோட்டைத் தாண்டாம ஒவ்வொரு கட்டமா நிரப்பிட்டு இருந்தாங்க, அவ்வளவு பொறுமை. எனக்கோ பார்க்கப் பார்க்க மனசு அடிச்சுக்குச்சு. ஏன்னா அவங்க சார்ட் போட்டது பிரிண்டர் பேப்பர்ல, படம் போடறது மார்க்கர் பேட்ல, அதாவது மார்க்கருக்குன்னே வர்ற பேப்பர்ல. பல வருஷத்துக்கு முன்னாடி நான் பண்ணின அதே வேலை, அச்சு அசலா.

பேர் எழுத மறக்கறது, காயறதுக்குள்ள கை பட்டு இழுத்துடறது, இதெல்லாம் ஒரு தடவை பட்டா தானா திருந்திடும், அதனால விட்டுடறேன். சார்ட் நல்லா வந்திருக்குன்னு நம்பி மாசக்கணக்குல ஏமாந்துட்டு இருப்போமே, அந்த ரகத்தை மட்டும் எழுதறேன்.

## கைக்கு கிடைச்ச பேப்பர்ல சார்ட் போடறது

இதைப் பத்திதான் நிறைய சொல்லணும், இன்னிக்கும் நினைச்சா எரிச்சலா வருது.

தெரிஞ்சவங்க ஒருத்தங்க அவங்க அம்மா முகத்தை வரைஞ்சு தரச்சொல்லி கேட்டாங்க. பென்சில், அவுட்லைன் எல்லாம் முடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. பிரிண்டர் பேப்பர்ல போட்டிருந்த சார்ட்டைப் பார்த்து தோல் நிறத்துக்கு மூணு ஆல்கஹால் மார்க்கர் எடுத்தேன், அடிக்கு ஒண்ணு, நிழலுக்கு ஒண்ணு, கன்னத்துக்கு ஒண்ணு. சார்ட்ல அந்த மூணும் பக்கத்துல பக்கத்துல அவ்வளவு இணக்கமா இருந்துச்சு. மார்க்கர் பேப்பர்ல வச்சதும் அடி நிறம் ரோஸ் அடிச்சுது, நிழல் கலரோ அடி நிறத்துக்கு மேல இருக்கறதே தெரியல. சரி இன்னொரு கோட் (பூச்சு), இன்னொரு கோட்டுன்னு ஏத்திட்டே போனேன், காதுக்கு கீழ தாடை வளையற இடத்துல பேப்பர் இனிமே குடிக்க மாட்டேன்னு நின்னுடுச்சு, மை மேலயே மினுமினுன்னு தேங்கி, அவுட்லைனைத் தாண்டி கழுத்துப் பக்கம் கசிஞ்சு போச்சு. ஆல்கஹால் மையை அழிக்க ரப்பர் கிடையாது. மொத்தப் படத்தையும் முதல்ல இருந்து வரைஞ்சேன்.

அப்ப மார்க்கர் மேலதான் சந்தேகப்பட்டேன், பழசாயிடுச்சோ காஞ்சிருச்சோன்னு. மார்க்கர்ல ஒரு கோளாறும் இல்ல. பிரிண்டர் பேப்பர் மையை உறிஞ்சிக்கும், நார் வழியா பரவும், பின்பக்கம் வரைக்கும் இறங்கும், அதனால கலர் அடர்த்தியா, கொஞ்சம் மங்கலா தெரியும். மார்க்கர் பேப்பர் மையை அவ்வளவு உள்ள விடாம மேலயே நிறுத்தற மாதிரி செஞ்சது, அதுல அதே மை வெளிச்சமா, லேசா நிக்கும். போதாக்குறைக்கு பிரிண்டர் பேப்பர் நல்லா வெள்ளையா தெரியணும்னு அதுல நீல ஒளி தர்ற ரசாயனம் சேர்ப்பாங்க, ஸ்கெட்ச்புக் பேப்பரோ பல சமயம் க்ரீம் நிறத்துல இருக்கும். மார்க்கர், வாட்டர்கலர் ரெண்டுமே ஊடுருவித் தெரியற சரக்கு, அடியில இருக்கற பேப்பரோட வெள்ளையும் சேர்ந்துதான் நம்ம கண்ணுக்கு வருது. க்ரீம் பேப்பர்ல ஒரு இளநீலத்தைத் தடவிப் பாருங்க, லேசா பச்சை தட்டும்.

வாட்டர்கலர்லயும் இதே கதைதான். காட்டன் பேப்பர் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், வாஷ், அதாவது தண்ணியா கலக்கின கலர், சீரா பரவும், காஞ்சதுக்கு அப்புறம் மேல இன்னொரு வாஷ் போட்டாலும் அடி லேயர் பெரும்பாலும் நகராது. மரக்கூழ் பேப்பர்ல அடி லேயர் சுலபமா கிளம்பிடும். அல்ட்ராமரீன் நீலத்தை கோல்ட் பிரஸ்னு சொல்ற சொரசொர பேப்பர்ல போட்டா கலர் துகள் பள்ளத்துல போய் உக்காந்து புள்ளிபுள்ளியா அழகா தெரியும், ஹாட் பிரஸ்னு சொல்ற வழவழ பேப்பர்ல அது ரொம்ப அடங்கிப் போயிடும். கலர் பென்சில்னா பேப்பரோட சொரசொரப்புதான் எல்லாம், வழுவழு பேப்பர்ல ஒரு சில லேயருக்கு மேல பென்சில் வழுக்கும், சொரசொர பேப்பர்ல இன்னும் ஏத்தலாம் ஆனா நடுநடுவுல வெள்ளை எட்டிப் பார்க்கும்.

அதனால எந்தப் பேட்ல படம் போடறீங்களோ அதுலயே ஒரு ஷீட்டைக் கிழிச்சு சார்ட் போடுங்க. நல்ல பேப்பரை சார்ட்டுக்கு வீணாக்கணுமான்னு தோணும், எனக்கும் தோணுச்சு, அந்த ஒரு ஷீட்டை மிச்சம் பிடிக்கப் போய்தான் படமே போச்சு. ரெண்டு விதமான பேப்பர் பயன்படுத்தறவங்களுக்கு ரெண்டு சார்ட் வேணும், வேற வழியில்ல. கலரிங் புக் ஆளுங்க அந்த புக்கோட கடைசிப் பக்கத்துலயே போடுங்க, காலியா பக்கம் இல்லன்னா உங்களுக்குப் பிடிக்காத படத்தை சார்ட்டுக்கு கொடுத்துடுங்க, அடியில ஒரு கெட்டி அட்டை வச்சுக்கணும். சார்ட் மேலயே பேப்பர் பேரும் எத்தனை ஜி.எஸ்.எம்.னும் (பேப்பரோட எடைக் கணக்கு) எழுதுங்க.

## மார்க்கர் மூடி கலரை நம்பறது

அது பிளாஸ்டிக்கோட நிறம், மையோட நிறம் இல்ல.

## ஒரே அழுத்தத்துல ஒரு சதுரம்

கட்டத்தை ஒரே மாதிரி ரொப்பினா அந்தக் கலர் பண்ற ஒரே ஒரு வேலைதான் தெரியும். பென்சிலை அழுத்தமா ஆரம்பிச்சு காத்து மாதிரி லேசா முடிங்க. வாட்டர்கலரை கெட்டியா வச்சு தண்ணியால இழுத்து விடுங்க, கெட்டியா இருக்கறப்ப கிட்டத்தட்ட கறுப்பா தெரியற தாலோ ப்ளூ தண்ணி சேர்ந்ததும் என்னமா வெளுத்து வருதுன்னு அப்பதான் புரியும். மார்க்கர்னா ஒரு கோட், பக்கத்துலயே ரெண்டு கோட், மூணு கோட். கலரை வைக்கறதுக்கு முன்னாடியே தண்ணிக்கு கரையாத கறுப்பு மையில ஒரு கோடு போட்டு காய விட்டுட்டீங்கன்னா எது மறைக்குது, எது ஊடுருவித் தெரியுதுன்னும் சேர்த்தே தெரிஞ்சிடும். ஆல்கஹால் மார்க்கர்காரங்க அந்தக் கோட்டுப் பேனா ஆல்கஹாலைத் தாங்குமான்னு முதல்ல தனியா பார்த்துக்கோங்க.

## பேரை மட்டும் எழுதறது

சாப் கிரீன்ங்கறது ஒரு பேரு, அவ்வளவுதான். கம்பெனிக்கு கம்பெனி உள்ள போடற கலவை மாறும். ட்யூப்ல பொடி எழுத்துல இருக்கற பிக்மென்ட் நம்பரை, அதாவது நிறம் தர்ற பொருளோட நம்பரை எழுதுங்க, பி.பி.29னா அல்ட்ராமரீன், பி.பி.15னா தாலோ ப்ளூ, எந்தக் கம்பெனியா இருந்தாலும் அது மாறாது. கோபால்ட் ப்ளூன்னா பி.பி.28 இருக்கணும், பேருக்குப் பின்னாடி 'ஹ்யூ'ன்னு இருந்தா அது வேற பிக்மென்டை வச்சு அதே சாயல்ல செஞ்சது. இது எழுதி வைக்காததால ஒரே பிக்மென்டை மூணு பேர்ல வாங்கி வச்சிருக்கறவங்களை எனக்குத் தெரியும்.

## ஈரமா இருக்கறப்பவே முடிவு பண்றது

வாட்டர்கலர் காஞ்சா வெளுக்கும். அக்ரிலிக் காஞ்சா கறுக்கும், அதுல இருக்கற பால் மாதிரி பசை காயறப்ப கண்ணாடி மாதிரி ஆயிடறதால. குவாஷ், அதாவது அடியை மறைக்கற வாட்டர்கலர், ரெண்டுங்கெட்டான், அடர்த்தியான கலர் கொஞ்சம் வெளுக்கும், வெளிர் கலர் கொஞ்சம் கறுக்கும். முழுசா காயற வரைக்கும் சார்ட்டைப் பார்த்து எதையும் எடுக்காதீங்க.

## ராத்திரி மஞ்சள் பல்பு அடியில

வேணாம். பகல் வெளிச்சத்துல பாருங்க.

## கட்டங்களை ஒட்டி ஒட்டி போடறது

1824ல பாரிஸ் கோப்லான் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவுக்குப் பொறுப்பேத்த வேதியியல் விஞ்ஞானி மிஷெல் யூஜீன் ஷெவ்ரல்கிட்ட கறுப்பு நூல் சரியா கறுப்பா இல்லன்னு புகார் வந்துச்சு. அவர் சோதிச்சுப் பார்த்தா சாயத்துல குறையே இல்ல, பக்கத்துல நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோகையா காட்டியிருக்கு. நம்ம சார்ட்லயும் அதேதான் நடக்குது, பளிச்சுனு ஒரு சிவப்புக்கு ஒட்டி உக்காந்த சாம்பல் பச்சை தட்டும், அதைப் பச்சை சாம்பல்னு நினைச்சு எடுத்துட்டு போய் படத்துல வச்சா வெறும் சாம்பல். நடுவுல ஒரு விரல் அகலம் வெள்ளை விடுங்க. தனித்தனி துண்டா வெட்டி ஓட்டை போட்டு வளையத்துல கோத்துட்டா இன்னும் உத்தமம், புதுசா ஒரு பச்சை வாங்கினா பச்சைங்களுக்கு நடுவுல சொருகிடலாம், துண்டை நேரா படத்து மேலயே வச்சும் பார்க்கலாம்.

## போன் போட்டோவை சார்ட்டா வச்சுக்கறது

கடைக்குப் போறப்ப துண்டையே எடுத்துட்டு போங்க.

## வெயில்ல வைக்காமலே நம்பறது

சாயத்துல செஞ்ச மார்க்கர், ஒளிரும் ரோஸ், பழைய அலிசரின் கிரிம்சன் அதாவது பி.ஆர்.83, இதெல்லாம் வெளிச்சத்துல வெளுக்கும். சார்ட் மூடின நோட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் அது தெரியவே தெரியாது, சுவத்துல மாட்டின படத்துலதான் தெரியும். ஒவ்வொரு கலர்லயும் ஒரு நீளப் பட்டை போட்டு, பாதியை வெளிச்சம் புகாத கெட்டி அட்டையால மூடி, வெயில் படற ஜன்னல்ல தேதி எழுதி ஒட்டிடுங்க. என்னோடதுல மூணாவது மாசமே அட்டையை எடுத்துப் பார்த்தேன், மூடியிருந்த பக்கம் செம்பருத்தி மாதிரி ரோஸ், திறந்த பக்கம் பழைய துணி மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. அந்த மார்க்கரை இப்ப ஸ்கேன் பண்ணி அனுப்பற படத்துக்கு மட்டும்தான் எடுக்கறேன்.