மூன்று ஓஎஸ், ஒரே டிஸ்க்: முதலில் பேப்பரில் பிரியுங்கள்

லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்எஸ்டி, அதில் ஏற்கெனவே விண்டோஸ் 11. கூடவே லினக்ஸ் வகைகளான உபுண்டுவும் டெபியனும் வேண்டும். பென்டிரைவைச் செருகும் முன் ஒரு பேப்பரை எடுங்கள்.

1. இடக் கணக்கு

512 என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் 1000-ஆல் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல். அதில் விண்டோஸுக்கு 200, உபுண்டுவுக்கு 60, டெபியனுக்கு 50. மிச்சம் 160 சொச்சத்தைத் தனி பார்ட்டிஷனாக (டிஸ்க்கில் பிரித்த பகுதி) வைத்து, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஆக்கினால் மூன்றும் படிக்கலாம், எழுதலாம். படம், பாட்டு, ஆவணங்கள் எல்லாம் அங்கே. ஸ்வாப்பை (ராம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம். இரண்டு லினக்ஸுக்கும் ஒரே ஹோம் (உங்கள் கோப்புகளும் செட்டிங்ஸும் இருக்கும் இடம்) வைக்க ஆசை வரும். வேண்டாம். ஒரே செயலியின் இரண்டு பதிப்புகள் ஒரே செட்டிங்ஸ் கோப்பில் மாற்றி மாற்றி எழுதிக் குழப்பிவிடும்.

2. விண்டோஸில் செய்ய வேண்டியவை

பேக்கப் எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பு மாறியதும் அதைக் கேட்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸை முழுதாக மூடாமல் வைத்து வேகமாகத் தொடங்கும் வசதி) அணையுங்கள், இல்லையென்றால் பொது பார்ட்டிஷனில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி, கிடைக்கும் இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

3. இஎஃப்ஐ பார்ட்டிஷன்

பலரும் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கியிருக்கிறேன். விண்டோஸ் பெரும்பாலும் 100 எம்பிக்கு இஎஃப்ஐ என்ற ஒரு குட்டி பார்ட்டிஷன் வைத்திருக்கும். எல்லா ஓஎஸ்ஸின் பூட் லோடரும் (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) அதற்குள் தனித்தனி ஃபோல்டரில் குடியிருக்கும். இன்ஸ்டாலரில் 'மேனுவல்' முறையைத் தேர்ந்தெடுத்து, இதையே இஎஃப்ஐ பார்ட்டிஷனாகக் காட்டுங்கள். ஃபார்மட் கட்டத்தில் மட்டும் டிக் இருக்கவே கூடாது. முதல் தடவை நான் டிக்கோடு விட்டேன்; விண்டோஸ் கோப்புகள் பத்திரமாக இருந்தன, ஆனால் பூட் ஆக வழியில்லை. அதைச் சரிசெய்யவே ஒரு ஞாயிறு போனது.

ஃபோல்டர் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸ் மின்ட் அங்கே 'உபுண்டு' என்ற பெயரையே பயன்படுத்தும். உபுண்டுவோடு சேர்த்தால் ஒன்றன்மேல் ஒன்று எழுதிக்கொள்ளும். இங்கே டெபியனை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

4. யார் தலைமை?

கடைசியாக நிறுவிய லினக்ஸின் பூட் லோடரான க்ரப்தான் வழக்கமாக முன்னால் வந்து நிற்கும். தினமும் எதைப் பயன்படுத்துவீர்களோ அதைக் கடைசியில் நிறுவுங்கள், அல்லது பயாஸில் பூட் வரிசையை மாற்றுங்கள். மெனுவில் விண்டோஸ் இல்லையா? பயம் வேண்டாம். க்ரப் 2.06 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடும் வசதி இயல்பாக அணைந்திருக்கும்; க்ரப் செட்டிங்ஸ் கோப்பில் அதை இயக்கி, மெனுவைப் புதுப்பித்தால் போதும்.

5. கடிகாரம்

உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டுகிறதா? லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. இரண்டு லினக்ஸிலும் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் மதர்போர்டு நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றிவிட்டால் சரி.