கொடித்தோடை காய்க்க இரண்டு கொடி வேணும்

கொடித்தோடை, அதாவது பாஷன் பழக் கொடி, வேலியை மூடிவிட்டது, பூவும் நிறையப் பூக்கிறது, ஆனால் ஒரு காய்கூட இல்லை. திருகோணமலை உப்புவெளியில் என் வளவிலும் முதல் வருடம் இதேதான் நடந்தது, அதனால் பூ காயாகும் கட்டத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன்.

ஊதாப் பழம் மலைநாட்டுக் குளிருக்கு உரியது, நம்முடைய திருகோணமலை வெயிலுக்கு மஞ்சள் பழ வகைதான். வேறு வேறு இடத்தில் வாங்கிய இரண்டு பழுத்த பழங்களை எடுத்து, விதையைச் சவ்வு போகக் கழுவி, தாமதிக்காமல் போடுங்கள். புது விதை இரண்டு, மூன்று கிழமையில் முளைக்கும். கன்று ஒரு அடி வளர்ந்ததும், ஐப்பசி மழையோடு, 2 அடிக் குழியில் எருப் போட்டு மேடாக நடுங்கள், மாரியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் தண்ணீர் தவறக்கூடாது, மண் மணல் என்றால் அடியில் பொச்சுமட்டையை (தேங்காய் மட்டையை) பரப்புங்கள். திருகோணமலை டவுனுக்குள் இருப்பவர்கள் வலையும் அடியுங்கள், அங்கே தெருவில் திரியும் மான் தளிரை விட்டுவைக்காது.

சரி, இப்போது பூ. மஞ்சள் கொடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. நான் நட்ட இரண்டுமே ஒரே கொடியில் வெட்டிய தண்டுகள், பார்க்க இரண்டு என்றாலும் அது ஒரே கொடிதான், பூவெல்லாம் வாடி உதிர்ந்தது. அதனால்தான் வேறு வேறு பழத்து விதை என்றேன். பூ மதியம்போல விரிந்து இரவில் மூடிவிடும், அந்த நேரம் வருகிற பெரிய கருவண்டின் முதுகு நிறைய மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். வண்டு வராவிட்டால் நீங்களே செய்யலாம்: ஒரு கொடிப் பூவில் கவிழ்ந்து தொங்கும் ஐந்து மகரந்தப் பைகளை விரலால் தடவி, அந்தப் பொடியை மற்றக் கொடிப் பூவின் உச்சியில் விரிந்திருக்கும் மூன்று கிளைகளின் நுனியிலும் ஒற்றுங்கள். கருவண்டு குடைந்து குடியிருக்கிற காய்ந்த மரக்கொம்பை மட்டும் தயவுசெய்து விறகாக்க வேண்டாம்.

பூ பிடித்து இரண்டு மாதம் கடந்தால் பழுக்கும். பறிக்காதீர்கள், தானாக விழட்டும். இரண்டு, மூன்று நாள் வைத்துத் தோல் சுருங்கியதும் வெட்டினால் புளிப்பு அடங்கியிருக்கும், கொஞ்சம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் தூவிக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுங்கள். ஜூஸுக்கு மிக்சி வேண்டாம், விதை உடைந்து கசந்துவிடும்; தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து வடித்தாலே போதும்.