குறைந்த பட்ஜெட்டில் நல்ல ஹெட்ஃபோன்: படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் முறை

ஹெட்ஃபோனுக்கு ஒதுக்க அதிகம் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்தது. தாழ்ந்த சுருதி ஒலி முதல் உச்ச சுருதி ஒலி வரை ஒவ்வொன்றையும் ஒரு ஹெட்ஃபோன் எந்த அளவில் தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. அப்படியானால் விலை குறைந்ததிலும் நல்ல ஒலி கிடைக்கும். ஆனால் அதே விலையில் மோசமானவையும் குவிந்து கிடப்பதால் பொறுக்கி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: பட்ஜெட் சிறியதாக இருக்கும்போது ஒவ்வொரு கூடுதல் வசதியும் ஒலிக்குப் போக வேண்டிய பணத்தைத் தின்றுவிடும். காதில் சரியாகப் பொருந்துவதற்கும் ஒலிக்கும் மட்டும் பணம் கொடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

படி 1: எங்கே கேட்கப் போகிறீர்கள்?

பேருந்து, ரயில், இரைச்சலான அலுவலகம் என்றால் காதுத் துளைக்குள் போகும் இன்-இயர் வகைதான் சரி. ரப்பர் முனை துளையை அடைத்துவிடுவதால் வெளிச் சத்தம் தானாகவே குறையும். அதற்கு பேட்டரியோ சிப்போ தேவையில்லை. சட்டைப்பையில் அடங்கும். குறைந்த விலையில் ஒலித் தரம் அதிகம் கிடைப்பதும் இந்த வகையில்தான். மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்ற மாடல்கள் வந்த பிறகு, தொடக்க விலையிலேயே சமநிலையான ஒலி கிடைக்கும் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது.

காதுக்குள் எதையும் நுழைக்கப் பிடிக்காது, அல்லது நடக்கும்போது வண்டிச் சத்தம் காதில் விழ வேண்டும் என்பவர்களுக்கு, காதின் மேல் உட்காரும் லேசான திறந்த வகை பொருந்தும். கோஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ 1984-இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு குறை உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கும் உங்கள் பாட்டு கேட்கும்.

காதை முழுவதும் மூடும் பெரிய வகையை, வெளியே எடுத்துச் செல்வதற்காக, இந்த பட்ஜெட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பையில் இடத்தை அடைக்கும், காது வியர்க்கும், மலிவு மாடல்களில் குஷன் சீக்கிரம் உரிந்துவிடும்.

படி 2: ஒயரா, ப்ளூடூத்தா?

ஒயர் உள்ளதை வாங்கினால் உங்கள் பணம் ஒலி எழுப்பும் டிரைவர், அதன் கூடு, கேபிள் ஆகியவற்றுக்கே போகிறது. அதே விலைக்கு ப்ளூடூத் வாங்கினால் ரேடியோ சிப், பேட்டரிகள், சார்ஜ் செய்யும் பெட்டி, பல மைக்குகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பணத்தையே பங்கு போட வேண்டும். டிரைவருக்கு மிஞ்சுவது குறைவு.

ஆயுளும் ஒரு விஷயம். ஒயர் இல்லாத இயர்பட்ஸுக்குள் இருப்பது மிகச் சிறிய லித்தியம் பேட்டரி. சார்ஜ் ஏறி இறங்க இறங்க அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். பெரும்பாலான மாடல்களில் கூட்டை ஒட்டிவிடுவதால் பேட்டரியை மாற்றவும் வழியில்லை. ஒலி நன்றாக இருக்கும்போதே தூக்கிப் போட வேண்டியதாகிவிடும். குறைந்த பணத்தில் வாங்குபவருக்கு இந்த இழப்புதான் பெரிது.

2016-இல் ஐபோன் 7 வந்ததிலிருந்து ஹெட்ஃபோன் ஒயரைச் செருகும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லாத போன்கள் பெருகிவிட்டன. உங்கள் போனும் அப்படி என்றால், சார்ஜ் செய்யும் துளையில் செருகி ஹெட்ஃபோனை இணைக்கும் சின்ன டாங்கிள் ஒன்று போதும். ஆனால் வாங்கும் முன், டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் டிஏசி சிப் அதற்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிப் இல்லாத வெறும் டாங்கிள் பல போன்களில் வேலையே செய்யாது. இந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஓடும்போது, உடற்பயிற்சி செய்யும்போது ஒயர் தொந்தரவுதான். அப்போது ப்ளூடூத் வாங்குங்கள், தவறில்லை. ப்ளூடூத் வெர்ஷன் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் ஒலி உயர்ந்துவிடாது. இரைச்சல் நீக்கும் ஏஎன்சி வசதி எஞ்சின் உறுமல், விசிறி இரைச்சல் போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த ஒலிகளில்தான் நன்றாக வேலை செய்யும். பேச்சுச் சத்தத்தை அந்த அளவுக்கு அடக்காது. மலிவு மாடலில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

படி 3: பெட்டியில் உள்ள எண்களில் எதைப் பார்ப்பது?

"20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். மனிதக் காது கேட்கும் வரம்பே ஏறத்தாழ அதுதான். அந்த வரம்புக்குள் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணால் பயன் இல்லை. "40,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருந்தாலும் அதற்காக ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள், நம் காதுக்கு அது எட்டாது. டிரைவரின் அளவும் எண்ணிக்கையும் அப்படித்தான். நன்றாக ட்யூன் செய்த ஒரே டிரைவர், சரியாக ட்யூன் செய்யாத நான்கு டிரைவர்களை விட நன்றாக ஒலிக்கும்.

இரண்டு எண்கள் மட்டும் உதவும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை: போனில் நேரடியாகச் செருகிக் கேட்க 16 முதல் 32 ஓம் வசதியானது. 250, 300 ஓம் வகைகளுக்குப் பெரும்பாலும் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும். மற்றொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது: ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால் போனிலேயே போதிய சத்தம் வரும். ஒப்பிடும்போது அலகைக் கவனியுங்கள். சிலர் மில்லிவாட் கணக்கிலும் சிலர் வோல்ட் கணக்கிலும் எழுதுவார்கள். மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் 32 ஓம் ஹெட்ஃபோனை வோல்ட் கணக்கில் எழுதினால் சுமார் 115 டெசிபல் என்று வரும். இரண்டும் ஒன்றேதான்.

படி 4: கேபிளைத் தொட்டுப் பாருங்கள்

ஒயர் ஹெட்ஃபோன் கெட்டுப்போவது பெரும்பாலும் டிரைவரில் அல்ல. பிளக்கிலிருந்து கேபிள் வெளியே வரும் இடத்திலும், இயர்போன் கூட்டுக்குள் நுழையும் இடத்திலும்தான். அந்த இரண்டு இடங்களிலும் வளைந்து கொடுக்கும் ரப்பர் உறை இருக்க வேண்டும். விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். கேபிள் சீராக வளைந்தால் நல்லது. உறையின் விளிம்பில் சட்டென்று மடங்கினால், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அதே இடத்தில்தான் ஒருநாள் அறும்.

கேபிளைக் கழற்றி மாட்டும் வசதி கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். 0.78 மில்லிமீட்டர் டூ-பின் போன்ற பொது வகை இணைப்பு என்றால் மாற்றுக் கேபிள் எளிதில் கிடைக்கும்.

படி 5: காதில் பொருத்திக் கேளுங்கள்

இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். "இந்த இயர்போனில் பேஸே இல்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் ரப்பர் முனையின் அளவுதான். காதுத் துளைக்கும் முனைக்கும் இடையே சின்ன இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி அதன் வழியே கசிந்துவிடும், மிஞ்சுவது சன்னமான கீச்சொலி.

பொருத்தும் முறை இது. வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுங்கள். துளை நேராகும். இயர்போனை உள்ளே வைத்துச் சிறிது திருப்பி, மடலை விடுங்கள். இப்போது ஏதாவது பேசிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் கனமாக முழங்கினால் அடைப்பு சரியாக விழுந்திருக்கிறது. வெளியே ஒலிப்பது போலவே கேட்டால் வேறு அளவை மாட்டுங்கள். இரண்டு காதுகளுக்கும் ஒரே அளவுதான் சேரும் என்று கட்டாயம் இல்லை.

பிறகு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை மிதமான சத்தத்தில் போடுங்கள். பாடுபவரின் குரல் நெற்றிக்கு நேரே நடுவில் நிற்கிறதா? ஒரு பக்கம் சாய்ந்தால் இடமும் வலமும் சமமாக இல்லை. "ச", "ஸ" வரும் இடங்கள் காதைக் குத்துகிறதா? தாளக்கருவியின் அடி விழும்போது குரல் மங்குகிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த விலைக்கு அது நல்ல ஹெட்ஃபோன். இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது நினைத்துவிடும்.

படி 6: கேட்டுப் பார்க்க வழியில்லை என்றால்

எந்த ஹெர்ட்ஸ் ஒலியை ஹெட்ஃபோன் எந்த அளவில் தருகிறது என்று காட்டும் அளவீட்டு வரைபடத்தோடு எழுதும் ரிவ்யூக்களைப் படியுங்கள். முதலில் மிரட்டலாகத்தான் தெரியும், இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும். அது குறை அல்ல, காதின் இயல்பான அதிர்வுக்கு ஏற்ப வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். 6,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை கூர்மையான முட்கள் நின்றால் "ஸ" குத்த வாய்ப்பு அதிகம். 8,000 பக்கத்து முள் சில சமயம் அளவிடும் கருவியால் வருவது என்பதால் ஒன்றுக்கு இரண்டு ரிவ்யூக்களில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற மலிவு மாடல்களுக்குப் போலிகளும் உண்டு. நிறுவனமே அங்கீகரித்த விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

படி 7: வாங்கிய முதல் சில நாட்கள்

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் அணிந்து பாருங்கள், காது வலிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்தாமல் கேபிளை பிளக் அருகே அசைத்துப் பாருங்கள், ஒலி விட்டுவிட்டு வரக் கூடாது. பேஸ் (தாழ்ந்த ஒலி) சற்று அதிகம், ட்ரெபிள் (உச்ச ஒலி) சற்றுக் கூர்மை என்ற அளவுக் குறைகளை, இவற்றைக் கூட்டிக் குறைக்கப் போனில் உள்ள ஈக்வலைசரில் இலவசமாகச் சரிசெய்யலாம். கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது.

சத்தத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

ஒலி பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "100 மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திறந்துகொள்ளும்" என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதற்குள் திருப்பித் தருவதற்கான கெடு முடிந்துவிடும்.