குப்பைமேனியைத் தோலுக்குப் பயன்படுத்தும் முறை

வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று முறை பெய்து ஓய்ந்ததும், சென்னையின் மதில் சுவர்களுக்கு அடியிலும் கட்டட வேலை பாதியில் நிற்கும் மனைகளிலும் யாரும் விதைக்காமலே முளைத்து நிற்பது குப்பைமேனி. அரிப்பு, சொறி, படர்தாமரை ஆகியவற்றுக்கு இதன் இலையை அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். ஏறத்தாழ முழங்கால் உயரம் வளரும் இதன் இலையோரம் ரம்பப் பல் போலிருக்கும்; நீண்ட காம்புகளில் நிற்கும் இலைகள், மேலிருந்து பார்த்தால் ஒன்றையொன்று மறைக்காமல் அடுக்கி வைத்தாற்போலத் தோன்றும். இலைக்கணுக்களிலிருந்து எழும் கதிரில், சிறு கிண்ணம் போன்ற பச்சைச் செதில்கள் காய்களை ஏந்தியிருக்கும். வேரோடு பிடுங்கிப் போட்டால் தெருப்பூனை வந்து முகர்ந்து அதன்மேல் புரளவும் கூடும். பூனைவணங்கி என்ற பெயர் வந்தது அதனால்தான்.

ஆனால் தெருவோரச் செடியைப் பறிக்காதீர்கள். நாய்களின் சிறுநீரும் சாக்கடைக் கசிவும் படிந்த இலையைப் புண்பட்ட தோலில் பூசுவது வேறொரு நோயை வரவழைப்பதாகும். முற்றிய கதிர் ஒன்றை மாடித் தொட்டி மண்ணின்மேல் கசக்கித் தூவினாலே போதும், அடுத்த மழைக்குள் தேவைக்கு மேல் முளைத்துவிடும்.

ஒரு கைப்பிடி இலையை இரண்டு மூன்று முறை அலசி, சிறு துண்டு மஞ்சளுடனும் ஒரு சிட்டிகை கல் உப்புடனும் அம்மியில் மைய அரைத்துக்கொள்ளுங்கள். சொறிந்து தோல் பிய்ந்திருந்தால் உப்பைத் தவிர்த்துவிடுங்கள், கடுமையாக எரியும். முதல் நாள் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, மறுநாள் வரை தடிப்போ சிவப்போ தோன்றவில்லை என்றால் மட்டும் அரிப்புள்ள இடத்தில் பூசி, கால் மணி நேரத்தில் கழுவிவிடலாம்.

அடிக்கடி தேவைப்படுவோர் எண்ணெயாகக் காய்ச்சி வைத்துக்கொள்வது எளிது. இலைச்சாறும் தேங்காய் எண்ணெயும் சம அளவு கலந்து சிறு தீயில் வைத்தால் முதலில் சடசடவென்று பொங்கும். சத்தம் அடங்கிய பிறகு அடியிலுள்ள கசண்டை எடுத்து, ஆறியதும் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்க வேண்டும். மெழுகுபோலத் திரண்டால் இறக்கலாம். சேறாக ஒட்டினால் நீர் இன்னும் இருக்கிறது, எண்ணெய் விரைவில் சிக்கு நாற்றம் அடித்துவிடும்.

சளிக்காகக் குழந்தைகளுக்கு இலைச்சாறு புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்கள் இதை உட்கொண்டபோது இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. அக்குறை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு வாரத்தில் குறையாத படர்தாமரைக்கு வீட்டு வைத்தியத்தை நீட்டிக்காமல் தோல் மருத்துவரிடமோ, சித்த மருத்துவமே வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு எதையாவது அதுவரை தடவியிருந்தால் அந்தக் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கியதுபோல் காட்டிப் படையை மேலும் பரவவிட்டிருக்கும்.