அளவு பார்க்காமல் ஊற்றும் உண்ணி மருந்து

தென்னாப்பிரிக்காவில் நாய் வளர்ப்பவர் யாரும் பிலியரி என்ற உண்ணி நோயின் பெயரைக் கேட்டு அஞ்சாமல் இருக்க முடியாது. பபீசியா என்னும் ஒட்டுண்ணியை உண்ணி தன் கடியோடு இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. சிவப்பணுக்கள் சிதைகின்றன, தாமதித்தால் சில நாட்களில் உயிரே போய்விடும். இந்த அச்சத்தில்தான் டர்பன் பகுதியில் நம் வீடுகளில் பலரும் மருந்தைக் கூடுதலாகவே போட்டுவிடுகிறோம்.

மிகக் கொடிய தவறு மாட்டு டிப், அதாவது மாட்டு உண்ணியைக் கொல்ல நீரில் கலக்கும் மருந்து. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் விலை குறைவு என்று அதை வாங்கி, போத்தல் மூடியையே அளவாக வைத்து, வாளித் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டினார். மாலைக்குள் அது கால் தள்ளாடி, உடல் குளிர்ந்து, கூப்பிட்டாலும் எழாமல் கிடந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் நரம்பு வழியே மருந்து ஏறிய பிறகே பிழைத்தது. அந்த டிப்பில் இருந்தது அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி. மாட்டுக்கான செறிவில் அது நாயின் இதயத் துடிப்பை மந்தமாக்கி, உடல் வெப்பத்தைக் குறைத்துவிடும். நீரிழிவு உள்ள நாய்க்கு இன்னும் ஆபத்து. அவர் அன்போடுதான் செய்தார் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மருந்து வாங்கும்போது உறையில் '1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம்' (இத்தகைய மருந்துகளைப் பதிவு செய்யும் நாட்டுச் சட்டம்) என்ற குறிப்பும், ஜி எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்த விலங்குக்கு, எத்தனை கிலோ எடைக்கு, எத்தனை வாரக் குட்டி முதல் என்பதும் அங்கேயே இருக்கும். பெரிய நாயின் மாத்திரையை உடைத்து இரண்டு சிறிய நாய்களுக்குப் பகிர வேண்டாம். அளவு சரியாக அமையாது. எடையை ஊகிக்கவும் வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

பூனையும் இருக்கும் வீடா? பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. தடவிய நாயோடு ஒட்டிப் படுத்தாலே அதற்கு வலிப்பு வரலாம். மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

கழுத்துப்பட்டை, மாத்திரை, சொட்டு மூன்றையும் ஒன்றாகப் போடுவதும் தவறு. வலிப்பு வந்த நாய் என்றால் மெல்லும் மாத்திரை கொடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அவற்றில் பல ஐசோக்சசோலின் என்னும் மருந்து வகை, அந்த வகைக்கு வலிப்பு எச்சரிக்கை உண்டு. சொட்டு மருந்தை ரோமத்தை விலக்கித் தோலில் விடுங்கள். உடனே குளிப்பாட்டாதீர்கள்.

குளிர்காலத்தில் நிறுத்திவிடுவோரும் உண்டு. டர்பன் கரையின் மிதமான குளிருக்கு உண்ணியும் தெள்ளும் ஒழிவதில்லை. தெள்ளின் முட்டையும் கூட்டுப்புழுவும் பாயிலும் தரையிடுக்கிலும் கிடக்கின்றன. படுக்கையைத் துவைக்காமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் மறுபடியும் வந்துவிடும்.

வாயில் எச்சில் வழிந்தாலோ உடல் நடுங்கினாலோ, தோலில் போட்ட மருந்தை இளஞ்சூட்டு நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு கழுவி, உறையோடு மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மருந்து போட்ட நாய்க்கும் பிலியரி வரலாம். ஈறு வெளிறி, சிறுநீர் சிவந்து, உணவை ஒதுக்கினால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.